மெலிந்த உடலும் மாறிய மார்பும்

உடல் மெலியும்போது எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரைய வேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது. வயிற்றைக் குறைக்கத்தான் ஒரு பெண் நடக்கத் தொடங்குகிறாள், சோற்றின் அளவைக் குறைக்கிறாள், வைத்தியர் எழுதிக்கொடுத்த ஊசியை வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறாள். சில மாதங்களில் இரத்தச் சீனி இறங்குகிறது, முழங்கால் நோவு குறைகிறது. மார்பும் இறங்கிவிடுகிறது. சீனியையும் முழங்காலையும் பற்றி வைத்தியரிடம் மகிழ்ச்சியோடு சொல்கிறாள். மார்பைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை.

ஒஸ்லோவில் வாழும் தமிழர்களான நம்மவர்களிடையே இது அரிதாக நடக்கும் விஷயமாக இருக்க முடியாது. ஏன் என்பதற்கு இருபது வருடத்துக்கு மேற்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. 2002-இல் அந்த நகரத்தில் குடியேறியவர்களின் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. இலங்கை, பாகிஸ்தான், ஈரான், துருக்கி, வியட்நாம் ஆகிய நாடுகளில் பிறந்து ஒஸ்லோவில் வாழ்ந்தவர்களின் உயரம், நிறை, இடுப்பு எல்லாவற்றையும் அளந்தார்கள். அந்தத் தரவுகளை வைத்து மருத்துவர் பெர்னடெட் குமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட முடிவு நம்மவர்களுக்கு முக்கியமானது. உயரத்துக்கு ஏற்ப நிறையைக் கணிக்கும் உடற்திணிவுச் சுட்டெண் ஒன்றாகவே இருந்தாலும், இலங்கையிலும் பாகிஸ்தானிலும் பிறந்தவர்களுக்கு வயிற்றைச் சுற்றிய கொழுப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆய்வில் இருந்த வேறு நாட்டுப் பெண்ணுக்கு ஒத்த நிறையிலேயே தமிழ்ப் பெண்ணின் வயிற்றைச் சுற்றிக் கூடுதலான கொழுப்பு சேர்ந்துவிடுகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். பிறகு 2008 முதல் 2010 வரை, தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஒஸ்லோவின் குரோருட் பள்ளத்தாக்கில் 823 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு, தெற்காசியத் தாய்மாருக்குக் கர்ப்பகால நீரிழிவு அதிகம் வருவதைக் காட்டியது. அந்தப் பள்ளத்தாக்கில் ஸ்தொவ்னரிலோ ஃபுருசெத்திலோ உள்ள குடும்ப வைத்தியர் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்து நிறையைக் குறையுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

2023 ஜனவரியில், நிறையைக் குறைக்கும் வெகோவி ஊசி நோர்வேயில் விற்பனைக்கு வந்தது. உலகத்தில் அது முதலில் கிடைத்த நாடுகளில் நோர்வேயும் ஒன்று. அந்த மருந்தைப் பரிசோதித்த பெரிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக உடல்நிறையின் 15 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருந்தவருக்கு 12 கிலோ. இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதைவிடவும் கூடுதலாகக் குறையும். இவ்வளவு கொழுப்பு போகும்போது மார்பு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க உடற்கூற்றியலில் இடமில்லை.

மார்பகத்துக்குள் மூன்று பொருட்கள் இருக்கின்றன. பால் சுரக்கும் சுரப்பி இழையம், கொழுப்பு, இவற்றைத் தாங்கும் நார்கள். தசை இல்லை. தசை இருப்பது மார்பகத்துக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் மேல். இதனால்தான் எத்தனை தண்டால் எடுத்தாலும் எடை தூக்கினாலும் தொங்கிய மார்பு மேலே ஏறாது. பின்னாலுள்ள தசை தடிக்கும், தோள் நிமிரும், நிற்கும் அழகு மாறும். அந்தப் பயன்கள் உண்மையானவை. மார்பை உயர்த்துவதாகச் சொல்லி விற்கப்படும் களிம்புகளுக்கும் எண்ணெய்களுக்கும் அந்த அளவு பயன்கூட இல்லை. தோலின் மேல்பரப்பில் பூசுவது உள்ளே அறுந்த நாரைத் தைக்காது.

அந்த நார்களை விரிவாக வரைந்து காட்டியவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். மார்பகத்தின் உடற்கூறு பற்றிய அவருடைய நூல் 1840-இல் வெளிவந்தது. இன்றும் அவை கூப்பர் நார்கள் என்றுதான் அழைக்கப்படுகின்றன. தோலிலிருந்து உள்ளே செல்லும் மெல்லிய திரைகள் அவை. சுரப்பியையும் கொழுப்பையும் பகுதி பகுதியாகப் பிடித்து வைத்திருக்கும். தோலும் இந்தத் திரைகளும் சேர்ந்துதான் மார்பின் முழுப் பாரத்தையும் சுமக்கின்றன.

மூன்றில் எது எவ்வளவு என்பது பெண்ணுக்குப் பெண் வேறுபடும். வெளியே பார்த்தோ தொட்டோ அதைச் சொல்ல முடியாது. ஒரே வயது, ஒரே அளவு பிரா அணியும் இரண்டு சகோதரிகளில் ஒருவருக்குக் கொழுப்பு பெரும்பங்காக இருக்கலாம், மற்றவருக்குச் சுரப்பி இழையம் கூடுதலாக இருக்கலாம். இருவரும் பத்துக் கிலோ குறைத்தால் ஒருவருடைய மார்பு வெகுவாகச் சுருங்கும், மற்றவருடையது பெரிதாக மாறாது. “அக்காவும்தானே மெலிஞ்சவா, அவவுக்கு ஒண்டும் ஆகேல்லையே” என்று தன்னைத்தானே நொந்துகொள்ளும் தங்கைக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. அவள் எதையும் பிழையாகச் செய்யவில்லை.

கொழுப்பு குறைகிறது என்றால் கொழுப்புக் கலங்கள் அழிகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஸ்டொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்போல்டிங் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெடிக்கப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிய கார்பன்-14, மனித உடலின் கலங்களுக்குள்ளும் பதிந்திருந்தது. அதை வைத்துக் கொழுப்புக் கலங்களின் வயதைக் கணக்கிட்டார்கள். வளர்ந்தவர்களின் உடலில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கலங்கள் இறந்து புதியவை பிறக்கின்றன, ஆனால் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. சத்திரசிகிச்சையால் நிறைய மெலிந்தவர்களில்கூட எண்ணிக்கை குறையவில்லை. கலங்கள் சுருங்கியிருந்தன, அவ்வளவுதான். மார்பிலும் இதுவே நடக்கிறது. பஞ்சு குறைந்த தலையணையைப் போல, உறை பழைய அளவிலும் உள்ளடக்கம் புதிய அளவிலும் ஆகிவிடுகின்றன. மேல்பகுதி தட்டையாகி, இருப்பது கீழே இறங்குகிறது.

உறை ஏன் சுருங்குவதில்லை? தோலுக்கு உறுதி தருவது கொலாஜன், இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் குணத்தைத் தருவது எலாஸ்டின். கொலாஜனை உடல் வாழ்நாள் முழுவதும் ஓரளவு புதுப்பிக்கிறது. எலாஸ்டின் அப்படியில்லை. பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகி, ஒரு மனித ஆயுளுக்கு நிகரான காலம் நிலைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்காக நீட்டப்பட்டுச் சிதைந்த எலாஸ்டின் நாரை உடல் பழையபடி கட்டுவதில்லை. புகைத்தல் அதை மேலும் சிதைக்கிறது.

இங்கே ஒரு பழியை நீக்க வேண்டும். பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு, ஒஸ்லோவிலும் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் பிரையன் ரிங்கர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் மார்புச் சத்திரசிகிச்சைக்கு வந்த பெண்களை ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். தொங்குவதோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டவை வயது, உடற்திணிவுச் சுட்டெண், மார்பின் அளவு, கர்ப்பங்களின் எண்ணிக்கை, புகைத்தல், 50 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 23 கிலோவுக்கு மேல் நிறை குறைந்தது ஆகியவை. பால் கொடுத்தது அந்த வரிசையில் இல்லை. சிகிச்சை தேடி வந்தவர்களை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான். இருந்தாலும், பிள்ளைக்குப் பாலூட்டியதால் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன் என்று வருந்தும் தாய்க்கு அந்த வருத்தம் தேவையில்லை என்று சொல்ல அது போதும்.

தொங்குதலை வைத்தியர்கள் அளக்கும் முறை மிக எளிது. மான்ட்ரியால் அறுவை மருத்துவர் போல் ரெனோ 1976-இல் வகுத்தது. மார்பின் அடியிலுள்ள மடிப்போடு ஒப்பிட்டு முலைக்காம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மடிப்பின் மட்டத்தில் இருந்தால் முதல் நிலை, அதற்குக் கீழே இருந்தால் இரண்டாம் நிலை, மார்பின் மிகக் கீழ்ப்பகுதியில் தரையை நோக்கி இருந்தால் மூன்றாம் நிலை. நோயின் தீவிரத்தை அளக்கும் கருவி இல்லை இது. எந்தச் சத்திரசிகிச்சை பொருந்தும் என்று முடிவெடுக்க உதவும் குறிப்பு மட்டுமே. மூன்றாம் நிலையில் இருக்கும் மார்பும் முழுக்க ஆரோக்கியமான மார்பாக இருக்கலாம்.

உடற்கூற்றியல் விளங்கிவிட்டால் மனம் ஆறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நிறைக் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட நோர்வேஜியப் பெண்களை நேரில் சந்தித்து, காரன் சின்னே குரோவன் என்ற இயன்மருத்துவ ஆய்வாளர் ஒஸ்லோவிலிருந்து செய்த பணி இதைப் பற்றியது. 2013-இல் அவர் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரை, மிஞ்சிய தோலோடு வாழ்வதை ஆராய்கிறது. அமெரிக்க மெய்யியலாளரும் மருத்துவருமான ட்ரூ லேடர் 1990-இல் முன்வைத்த ஒரு கருத்து அதற்கு அடிப்படை. நலமாக இருக்கும்போது உடல் நம் கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. நோயிலும் நோவிலும்தான் அது முன்னே வந்து நிற்கிறது. நிறை குறைந்தால் உடம்பை மறந்து வாழலாம் என்று நம்பியவர்களுக்கு, தளர்ந்த தோல் வேறொரு வழியில் உடம்பை மறுபடியும் நினைவூட்டுகிறது. ஓடும்போது ஆடுகிறது, உடுப்புக்குள் மடிகிறது, பழைய பருமனை வெளியே சொல்லிவிடுமோ என்று அஞ்ச வைக்கிறது. வைத்தியரின் அட்டவணையில் வெற்றியாகப் பதிவாகும் ஒரு மாற்றம், வாழ்கிறவளுக்கு வெற்றியும் இழப்பும் கலந்ததாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் உணர்வது நன்றிகெட்ட குணமாகாது.

அமெரிக்க உளவியலாளர் தோமஸ் காஷ் 1990-இல் வேறொன்றைக் கண்டார். முன்பு பருமனாக இருந்து மெலிந்த பெண்கள், எப்போதும் சராசரி நிறையில் இருந்தவர்களோடு இப்போது ஒத்த அளவில் இருந்தும், நிறையைப் பற்றிய கவலையில் அவர்களை ஒத்திருக்கவில்லை. பழைய உடம்பின் நிழல் மனதில் தங்கியிருந்தது. தமிழ்ச் சூழலில் இந்த நிழலை மற்றவர்களும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒஸ்லோவின் அம்மருட் சிவசுப்பிரமணியர் ஆலயத் திருவிழாவில், “என்ன இப்பிடி மெலிஞ்சு போனியள், ஏதும் வருத்தமோ?” என்று கேட்பவருக்கு அது பாசம். இரண்டு வருடத்துக்கு முன்பு “நல்லா வைச்சுப்போட்டியள்” என்று சொன்னதும் அதே பாசம்தான். ஆனால் கேட்கப்படுகிறவள், முன்பு தைத்த சாறிச் சட்டையின் முன்பக்கம் தளர்ந்து நிற்பதை முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். பாசத்தோடு ஒருவரை விசாரிக்க அவருடைய உடம்பைத் தவிர நமக்கு வேறு பேச்சே கிடைக்காதா என்று பல தடவை வேதனைப்பட்டிருக்கிறேன்.

எது இயல்பான மார்பு என்பதை நம் கண் எங்கிருந்து கற்றுக்கொள்கிறது? தான் அடிக்கடி பார்ப்பதிலிருந்து. ஒரே வகை உடல்களைத் தொடர்ந்து காட்டினால் சிறிது நேரத்திலேயே இயல்பின் அளவுகோல் நகர்ந்துவிடுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நோர்வே இதைச் சட்டத்தால் எதிர்கொள்ளப் பார்த்தது. விளம்பரப் படத்தில் ஒருவருடைய உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ மாற்றியிருந்தால், மாற்றப்பட்ட படம் என்ற அரச முத்திரையை அதன்மேல் இட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டம், சமூக ஊடகங்களில் பணம் பெற்று விளம்பரம் செய்கிறவர்களையும் கட்டுப்படுத்துகிறது. நல்ல சட்டம், பொய்யைப் பொய்யென்று அரசாங்கமே சொல்வது சிறிய விஷயமில்லை. ஆனால் முத்திரை மட்டும் மனதைக் காக்காது. அவுஸ்திரேலிய உளவியலாளர் மரிகா டிகெமன் இத்தகைய எச்சரிக்கைக் குறிப்புகளைப் பல தடவை சோதித்தவர். குறிப்பைப் படித்த பெண்களுக்கும் தங்கள் உடல்மீதான அதிருப்தி குறையவில்லை. அறிவு படத்தை மறுக்கும் முன்பே கண் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

கண்ணுக்கு வேறு உடல்களைக் காட்டுவதுதான் மாற்று வழி. அதற்கு ஒஸ்லோவைப் போல வசதியான நகரம் குறைவு. விகெலாண்ட் பூங்காவில் குஸ்தாவ் விகெலாண்டின் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் நிற்கின்றன. நடுவில் ஒரே கருங்கல்லில் செதுக்கிய 14 மீற்றர் தூணில் 121 உடல்கள். அதைச் சுற்றி 36 கருங்கல் தொகுதிகள். குழந்தை, குமரி, தாய், கிழவி எல்லோரும் ஆடையின்றி இருக்கிறார்கள். முதிய பெண்களின் மார்பு தளர்ந்தபடியே செதுக்கப்பட்டிருக்கிறது, அதை மறைக்கவோ திருத்தவோ சிற்பி நினைக்கவில்லை. உயிருள்ள உடல்களைப் பார்க்க நகரத்து நீச்சல் மண்டபங்கள் இருக்கின்றன. அங்கே நீந்தும் முன் நீச்சலுடை இல்லாமல் குளிக்க வேண்டும் என்பது விதி. நம் பெண்கள் பலர் அந்த விதிக்கு அஞ்சியே நீச்சலை விட்டுவிடுகிறார்கள். யாரையும் வற்புறுத்த நான் விரும்பவில்லை. கூச்சம் ஒருவருடைய சொந்த உரிமை. ஆனால் அந்தக் குளியலறையில் நிற்கும் எழுபது வயது நோர்வேஜியப் பெண்ணின் உடம்பு, எந்த விளம்பரத்திலும் கிடைக்காத ஓர் உண்மைத் தகவலைத் தருகிறது.

தன் மார்பைத் தானே பார்ப்பதற்கு உயிர்காக்கும் பயனும் உண்டு. விரேன் சுவாமி என்ற உளவியலாளரின் தலைமையில் 40 நாடுகளில் 18,541 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பத்தில் ஏழு பேர் தங்கள் மார்பின் அளவில் திருப்தியில்லாதவர்கள். அதைவிட என்னை நிறுத்தியது அடுத்த முடிவு. அதிருப்தி கூடியவர்கள் தங்கள் மார்பைத் தாங்களே சோதித்துப் பார்ப்பது குறைவாக இருந்தது. மாற்றம் வந்தால் கண்டுபிடிப்போம் என்ற நம்பிக்கையும் குறைவாக இருந்தது. வெறுக்கும் ஒன்றை யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை.

மெலிந்த மார்பைக் கவனிக்க வேண்டிய தேவையோ கூடுகிறது. கொழுப்பு விலகியதும் முன்பு விரலுக்குத் தட்டுப்படாத சுரப்பி இழையமும் விலா எலும்பின் விளிம்பும் தட்டுப்படும். பெரும்பாலும் அது பழைய உடம்பின் பகுதியே. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரிச் சுருங்குவதும் இறங்குவதும் நிறைக் குறைவின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மாறினால், புதிய கட்டி இருந்தால், தோல் குழிந்தாலோ தோடம்பழத் தோல் போலத் தடித்தாலோ, காம்பு உள்ளே இழுபட்டாலோ அதிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, நிறை குறைந்ததுதான் காரணம் என்று முடிவுகட்டாமல் வைத்தியரிடம் போக வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமல் நிறை குறைந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

நோர்வேயில் 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பகக் கதிர்ப்படம் எடுக்க அழைப்புக் கடிதம் வரும். குடியேறிய பெண்கள் அதற்குப் போவது நோர்வேஜியப் பெண்களைவிட வெகுவாகக் குறைவு என்று அந்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மெலிந்தவர்கள் அங்கே அதைச் சொல்வது நல்லது. கொழுப்பு குறைந்த மார்பு படத்தில் முன்பைவிட அடர்த்தியாகத் தெரியலாம். பழைய படத்தோடு ஒப்பிடுபவருக்கு அந்தத் தகவல் உதவும். இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்திரஜன் பெரும்பாலும் கொழுப்பு இழையத்தில்தான் உருவாகிறது, அந்த வயதில் பருமன் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. உங்கள் மார்பின் வடிவத்தை மாற்றிய அதே நிறைக் குறைவு இந்த ஆபத்தையும் தணிக்கிறது.

அன்றாடத்துக்கு உதவுபவை எளியவை. பிராவின் தாங்கும் வேலையில் பெரும்பகுதி விலாவைச் சுற்றும் பட்டிக்குரியது, தோள்வார்களுக்கு அல்ல. மெலிந்தவருக்கு விலாச் சுற்றளவும் குறைந்திருக்கும். பழைய பிராவின் வாரை இறுக்குவதற்குப் பதில் மறுபடி அளந்து வாங்க வேண்டும். மார்புக்கு அடியில் தோல் மடிந்து உரசும் இடத்தில் வியர்வை தங்கினால் புண்ணும் பூஞ்சணமும் வரும். கழுவி, ஈரம் ஒற்றி, உலர விட வேண்டும். தீரவில்லையென்றால் அதை வைத்தியரிடம் காட்டிக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். இது ஏன் முக்கியம் என்பது சத்திரசிகிச்சையைப் பேசும்போது தெரியும்.

மனதுக்கு உதவுவதாகக் காட்டப்பட்டதில் எனக்குப் பிடித்தது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஜெசிக்கா அலேவா உருவாக்கி 2015-இல் வெளியிட்ட எழுத்துப் பயிற்சி. உடம்பு எப்படித் தெரிகிறது என்பதை விட்டு, அது என்னென்ன செய்கிறது, அது நமக்கு ஏன் முக்கியம் என்று பெண்கள் கால்மணி நேரம் எழுத வேண்டும். இப்படி மூன்று தடவைதான். உடல்மீதான திருப்தி கூடியது. ஒரு பிள்ளையை வளர்த்த மார்பைப் பற்றி அதன் சொந்தக்காரி ஒருநாளும் எழுதியிருக்க மாட்டாள். தமிழிலேயே எழுதட்டும்.

சத்திரசிகிச்சையை நான் விலக்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன். மிஞ்சிய தோலை வெட்டி, காம்பை மேலே நகர்த்தி, மார்பை மறுபடி வடிவமைக்க முடியும். காம்பைச் சுற்றியும், அதிலிருந்து கீழ் நோக்கியும், தேவைப்பட்டால் அடிமடிப்பு நெடுகவும் தழும்பு இருக்கும். நம்மைப் போல நிறம் கூடிய தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு கூடுதல். தடுப்பூசித் தழும்போ காது குத்திய இடமோ தடித்தவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். நிறை நிலைக்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. வெகோவியை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. தைத்த தோல் மறுபடி நீண்டால் செய்த வேலை வீண். நோர்வேயின் பொது வைத்தியசாலைகள் தோற்றத்துக்காக மட்டும் இதைச் செய்வதில்லை, உடலுக்கு உண்மையான தொல்லை இருக்க வேண்டும். ஆறாத தோல்புண் குறிப்பில் பதிந்திருப்பது அப்போதுதான் உதவும். மற்றவர்கள் தனியாரிடம் சொந்தப் பணத்தில் செய்கிறார்கள்.

பலன் என்ன? ஒஸ்லோ பல்கலைக்கழக உளவியலாளர் தில்மன் ஃபொன் சோஸ்ட் அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 155 பெண்களை, செய்யும் முன்னும் ஆறு மாதத்தின் பின்னும் விசாரித்து 2009-இல் எழுதினார். உடல்மீதான திருப்தி கூடியது, தன்மதிப்பு சற்று உயர்ந்தது, மனநலப் பிரச்சினைகள் மாறவில்லை. பிறகு 1,597 நோர்வேஜியப் பெண்களை 13 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அழகுச் சத்திரசிகிச்சையை நாடியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் முன்பே கூடுதலாக இருந்ததும், பிறகும் அவை கூடியதும் தெரிந்தன. இவர்கள் மெலிந்த பிறகு தோலை நீக்கியவர்கள் அல்ல. அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், மார்பைப் பற்றிய கவலை தூக்கத்தையும் குடும்ப நெருக்கத்தையும் வெளியே போவதையும் கெடுக்கிறதென்றால், கத்திக்கு முன் மனதுக்கான உதவியைக் கேட்பதே சரியான வரிசை என்பது என் கருத்து.

இதையெல்லாம் கேட்க வாய் திறக்க வேண்டுமே. முதல் தலைமுறைப் பெண்கள் பலர் வைத்தியரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழகியவர்கள். மகன் மொழிபெயர்க்கும் அறையில் எந்தத் தாயும் மார்பைப் பற்றிப் பேச மாட்டாள். 2022 ஜனவரி 1 முதல் நோர்வேயில் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், சிறுவர்களை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்கிறது. தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மருத்துவ சேவையின் பொறுப்பு. அவர் இரகசியம் காக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர். ஒஸ்லோத் தமிழ்ச் சமூகம் சிறியது, வருபவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற அச்சம் நியாயமானது. நேரம் பதியும்போதே பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வேறு ஊரிலிருந்து தொலைபேசி வழியாக வேண்டும் என்று கேளுங்கள். குடும்ப வைத்தியர் ஆணாக இருப்பது தடையென்றால், வருடத்துக்கு இரண்டு தடவை வரை வைத்தியரை மாற்றிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.